ஈரம் படாத நாலு மூட்டை

புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு வேலுத்தாய் மாடியேறி வந்து, துப்பறியும் ஆபீஸ் இதுதானா என்று கேட்டாள். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றாள் பாண்டிச்செல்வி. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டது நல்லது, கீழே கடலைமிட்டாய்க் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தண்ணீர் குடிக்க மேலே வந்துவிடுகிறார்கள், போன மாதம் வந்தவர்களில் ஒருவர்கூட எதையும் தொலைத்திருக்கவில்லை என்றும் சொன்னாள்.

வேலுத்தாய் சிரிக்கவில்லை. மஞ்சள் பையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். செல்வி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உள்ளே இருந்து உச்சிமாகாளி வந்தார். ஐம்பத்தோரு வயது. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் எரிந்த குடோன்களைப் பார்வையிட்டு, தானாக எரிந்ததா, எரிய வைத்ததா என்று எழுதிக் கொடுத்தவர். சாம்பலில் நடந்து நடந்து வெள்ளை வேட்டி கட்டுவதையே விட்டுவிட்டார். செல்விக்கு முப்பத்திரண்டு. எஸ்.டி.டி. பூத்தில் நாலு வருஷம் இருந்தவள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தபடியே ஊரில் யார் யாருடன் பேச்சுவார்த்தை இல்லை என்பதைத் தெரிந்துவைத்திருந்தாள். வீட்டுக்கு வீடு செல்போன் வந்து பூத் படுத்துக்கொண்டதும் அந்த அறிவோடு இங்கே சேர்ந்தாள்.

வேலுத்தாய் விஷயத்தைச் சொன்னாள். அவள் புருஷன் தவசிக்கு இடைசெவல் ரோட்டில் பொன்மழை நகர் என்ற புது மனைப்பிரிவில் காவல் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் மழை கொட்டியது. நகருக்குள் விழுந்த தண்ணீர் முழுக்க ஒரு குட்டையில் சேர்ந்து, அங்கிருந்து குழாய் வழியாக ஓடைக்குப் போக வேண்டும். போகவில்லை. காம்பவுண்டுச் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் போய் மோதியது. குடோன் சுவர் சரிந்தது. உள்ளே பண்டல் கட்டிக்கொண்டிருந்த வெயிலம்மாள் என்ற பெண்ணுக்கு இடது கால் ரெண்டு இடத்தில் முறிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் நகரின் சூப்பர்வைசர் சுடலைராஜ், குழாய் வாயில் அடைத்திருந்ததாக நாலு மண்மூட்டைகளை எடுத்துப் போலீசில் காட்டினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போலீஸ் தவசியைக் கூப்பிட்டு விசாரித்தது. தவசி, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் கோர்ட்டில் நிறுத்துவார்கள்.

"அவரே ஒத்துக்கிட்டாரா?" என்றார் உச்சிமாகாளி.

"ஒத்துக்கிட்டாவ."

"பொறவு நான் என்ன செய்யணுங்கீங்க?"

"அவிய செய்யல சார். ஞாயித்துக்கெழம சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சு கெடந்துச்சு. சோத்தப் பெசையக்கூட முடியல. மூட்டை தூக்குனவனுக்குத் தோளுல்லா நோவும்?"

உச்சிமாகாளி சட்டையை மாட்டிக்கொண்டார். இருபது வருஷமாக நெருப்பையே பார்த்தாகிவிட்டது, ஒரு தடவை தண்ணீரையும் பார்த்துவிடலாம் என்றார். வேலுத்தாயை மூன்று மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

*

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இசக்கிதுரை நல்ல மரியாதையாக வரவேற்றார். ரெண்டு தீ விபத்து வழக்குகளில் உச்சிமாகாளி சொன்னது சரியாகப் போயிருந்தது. மூன்றாவதில் தவறாகப் போயிருந்தது. அதனால் மரியாதை அளவாக இருந்தது.

மூட்டைகள் வராந்தாவில் கிடந்தன. பழைய சிமெண்டு மூட்டைச் சாக்குகள், வாயைச் சணலால் தைத்திருந்தது. ஒன்றின் மேல் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சாட்சிகள் மேல் சாய்ந்துகொள்ளலாம், உட்காரலாமா என்று செல்வி சந்தேகம் கேட்டாள். அவர் எழுந்துகொண்டார்.

உச்சிமாகாளி குனிந்து ஒரு மூட்டையின் ரெண்டு காதையும் பிடித்து ஆட்டினார். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தது. அடுத்ததையும் ஆட்டினார். அதுவும் அப்படியே. எஸ்.ஐ.யின் அனுமதியோடு ஒன்றின் தையலைப் பிரித்துச் சாய்த்தார். கரிசல் மண் கட்டி கட்டியாக உருண்டு விழுந்தது. தூசி கிளம்பி எஸ்.ஐ.யின் சட்டையில் படிந்தது.

"இது ஞாயித்துக்கெழம மத்தியானத்துலருந்து திங்கக்கெழம காலை வரைக்கும் தண்ணிக்குள்ள கெடந்த மண்ணு" என்றார் உச்சிமாகாளி.

இசக்கிதுரை சட்டையைத் தட்டிக்கொண்டே, பிளாஸ்டிக் சாக்குதானே, தண்ணீர் உள்ளே புகுந்திருக்காது என்றார்.

"அப்பம் சிமெண்டுக் கடைக்காரவிய மழை வந்தா எதுக்கு சார் தார்ப்பாய் தேடி ஓடுதாவ?" என்றாள் செல்வி.

எஸ்.ஐ. சட்டையைத் தட்டுவதை விட்டார். தன் கைத்துண்டை எடுத்தார்.

உச்சிமாகாளி ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கரிசல் ஒருதரம் நனைந்தால் வாரக்கணக்கில் ஈரம் விடாது, மூட்டைக்குள் அடைத்து வைத்தால் மாதக்கணக்கில் விடாது. நனைந்திருந்தால் இந்நேரம் களியாக இருக்கும் என்றார். ஆக, இந்த மூட்டைகள் வெள்ளத்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு யாரோ கொண்டுபோய்க் குழாய்ப் பக்கம் போட்டிருக்கிறார்கள்.

இசக்கிதுரையும் ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. கையில் ஒரு வாக்குமூலம் இருந்தது. அதில் ஒருவன் தன் வாயால் ஒத்துக்கொண்டிருந்தான். அதை என்ன செய்வது என்று கேட்டார். மண் பொய் சொல்லவில்லை என்றால் மனுஷன் பொய் சொல்லுகிறான். தன்னையே மாட்டிவிட எவனாவது பொய் சொல்லுவானா என்றார். உச்சிமாகாளிக்கும் அதுதான் புரியவில்லை.

தவசியைப் பார்க்க விட்டார்கள். ஐம்பதை ஒட்டிய மெலிந்த ஆள். சுவரோரம் குத்தவைத்து, கைகளை முழங்கால் மேல் மல்லாக்க வைத்திருந்தார். விரல்களின் அடியில் கொப்புளங்கள் உடைந்து காய்ந்திருந்தன.

"நீங்கதான் செஞ்சீங்களா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"ஆமாய்யா. நாந்தான்." தவசி நிமிர்ந்து பார்த்தார். "அந்த அம்மாவுக்குக் காலு எப்படி இருக்குன்னு தெரியுமாய்யா?"

தெரியாது என்றதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாலு மணி வரை பொறுப்பதாக எஸ்.ஐ. சொன்னார்.

*

செல்வியின் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உச்சிமாகாளி உட்கார்ந்து போனார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தார் ரோட்டிலிருந்து நகருக்குள் திரும்பும் இடத்தில் ஐம்பதடிக்குக் கரிசல் பாதை. பத்தடிக்கு ஒருதரம் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி வண்டி நின்றது. செல்வி இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்தாள். ஐந்தாவது தடவை, இந்த மண்ணிடம் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தால்கூட இவ்வளவு இறுக்கிப் பிடிக்காது என்றாள்.

அந்த இடம் ரெண்டு வருஷத்துக்கு முன்பு பருத்திக் காடு. மழை பெய்தால் முதலில் வெடிப்புக்குள் இறங்கும், வெடிப்பு மூடிய பிறகுதான் மேலே ஓடும். இப்போது அதன் மேல் ரெண்டடி சரள் கொட்டி, ரோலர் ஓட்டி, குறுக்கும் நெடுக்கும் தார் ரோடு போட்டிருந்தார்கள். குடிக்க வாயில்லாத நிலம். விழுந்த அத்தனை தண்ணீரும் கிழக்கு மூலைப் பள்ளத்துக்குத்தான் போயாக வேண்டும். வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீர்த் தொட்டி கட்டியாக வேண்டும் என்று அரசாங்கம் கண்டிப்பாகச் சொல்லியிருந்த காலம் அது. நகர்க்காரர்கள் ஒருபடி மேலே போய் ஊருக்கே ஒரு குட்டை என்று விளம்பரப் பலகையில் படம் போட்டிருந்தார்கள். படத்துக் குட்டையில் ரெண்டு வாத்து நீந்தியது. நிஜக் குட்டையில் ஒரு சிமெண்டுச் சட்டி மிதந்தது.

சுடலைராஜ் குடை பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வயது, கையில் டயரி, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. மூட்டை அடைத்திருந்த இடத்தைக் காட்டும்படி உச்சிமாகாளி கேட்டார். குட்டையின் வடகரையில் சிமெண்டுக் குழாயின் வாய் இருந்தது. அதன் மேல் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் தண்ணீருக்குள். தண்ணீர் அசையாமல் நின்றது.

"மூட்டைகளை எடுத்தது என்னைக்கு?"

"திங்கக்கெழம காலையில சார். நானே கையால எடுத்தேன்."

"இன்னைக்குப் புதன்கெழம" என்றார் உச்சிமாகாளி.

சுடலைராஜ் டயரியைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். அடைப்பை எடுத்து ரெண்டு நாள் ஆன பிறகும் தண்ணீர் ஏன் இங்கேயே நிற்கிறது என்று உச்சிமாகாளி கேட்கவில்லை. குழாய் போன திசையில் அறுபதடி நடந்து ஓடைக்கரைக்குப் போனார். செல்வி முன்னாலேயே சரிவில் இறங்கி, குழாயின் அடுத்த வாய்க்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயின் அடித்தரையில், சரியாக நடுவில், விரல் நீளத்துக்கு ஒரு குளவிக்கூடு இருந்தது. மண்ணால் கட்டியது. முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"அண்ணாச்சி, குளவி குடும்பம் நடத்துது. அதுக்கு வெள்ளம் வந்த சேதியே தெரியல" என்றாள்.

"எத்தனை நாள் கூடு?"

"நல்லாக் காஞ்சிருக்கு. ஞாயித்துக்கெழமைக்கு ரொம்ப முந்தி கட்டுனது. இந்தக் குழாயில ஒரு சொட்டுத் தண்ணி வந்திருந்தாலும் கரைஞ்சிருக்கும்."

சுடலைராஜ் கரைமேல் நின்றுகொண்டிருந்தார். குடையை மடக்கிவிட்டு மறுபடி விரித்தார்.

உச்சிமாகாளி அவரிடம், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் ஒன்று வேண்டும் என்றார். அது சிமெண்டு ஷெட்டில் இருந்தது. சுடலைராஜ் தானே போய் எடுத்து வருவதாகச் சொன்னார். உச்சிமாகாளி கூடவே நடந்தார். பூட்டைத் திறக்கச் சாவி சுடலைராஜின் இடுப்பு அரைஞாணிலிருந்து வந்தது. வேறு சாவி உண்டா என்று செல்வி கேட்டதற்கு, சிமெண்டு களவு போகிற காலம், சாவி தன்னிடம் மட்டும்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ஷெட்டுக்குள் சரள் கொட்டவில்லை. பழைய பருத்திக் காட்டுத் தரையின் மேல் பலகை போட்டு, பலகை மேல் சிமெண்டு அடுக்கியிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்சுவரோரம் ரெண்டு பலகைகளை நகர்த்திய தடம் இருந்தது. அந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. மண்வெட்டி பக்கத்திலேயே கிடந்தது.

"ஊரே களியாக் கெடக்கிற வாரத்துல நாலு மூட்டை காஞ்ச மண்ணு எங்கன கெடைக்கும்னு காலையிலருந்து யோசிச்சேன்" என்றார் உச்சிமாகாளி. குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. "டியூப்ப எடுங்க."

டியூபின் ஒரு முனையைச் சுடலைராஜின் கையிலேயே கொடுத்து ஓடைப் பக்கம் நிற்கச் சொன்னார். இன்னொரு முனையைக் குட்டைப் பக்கம் செல்வி பிடித்தாள். டியூபுக்குள் தண்ணீர் ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றதும், அங்கிருந்து குழாயின் அடித்தரை வரை சாணால் அளந்தார்கள். குட்டைப் பக்கம் எட்டு சாண் இறங்கியது. ஓடைப் பக்கம் ரெண்டு சாண்தான். வெளியேறும் வாய், உள்ளே போகும் வாயைவிட ஆறு சாண் மேலே இருந்தது.

"தண்ணிய மாடியேறச் சொல்லியிருக்காவ. கைப்பிடியாவது வச்சிருக்கலாம்" என்றாள் செல்வி.

சுடலைராஜ் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: ஓடைப் பக்கம் தோண்டியபோது சுக்கான் பாறை வந்தது. உடைக்க எட்டு நாள் ஆகும். திறப்பு விழாப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. முதலாளியிடம் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லத் தைரியம் வரவில்லை. பாறையின் மேலேயே குழாயைப் போட்டு மண்ணை மூடிவிட்டார். இந்த ஊரில் என்ன மழை பெய்துவிடப் போகிறது என்று நினைத்தார். ஒரு பெண்ணின் கால் போனதும் பயந்துபோய், திங்கட்கிழமை விடிந்ததும் மூட்டை கட்டினார். யாரோ விஷமி அடைத்துவிட்டான் என்று முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

"நான் யார் பேரையும் சொல்லல சார். சத்தியமா. தவசி நாந்தான் செஞ்சேன்னு சொன்னதக் கேட்டு நானே அரண்டுட்டேன். போடாத மூட்டையப் போட்டேங்கான். அவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நெனச்சேன்."

அப்படி நினைத்ததும் அவனைக் காப்பாற்ற ஸ்டேஷனுக்கு ஓடினீர்களாக்கும் என்று செல்வி கேட்டாள். சுடலைராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

மணி ரெண்டரை. வேலை முடிந்தது என்று செல்வி வண்டியைத் திருப்பினாள். உச்சிமாகாளி அசையவில்லை. ஒரு மனுஷன், நடக்கவே நடக்காத காரியத்தை நான்தான் செய்தேன் என்கிறான். உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கிறது. அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

காம்பவுண்டுச் சுவர் உடைந்த இடத்தை இன்னும் பார்க்கவில்லை என்று அவர் குட்டையின் கிழக்கே போனார். சுவரில் ஆறடி அகலத்துக்கு ஓட்டை. தண்ணீர் முட்டிச் சாய்த்தது என்று சுடலைராஜ் சொல்லியிருந்தார். உச்சிமாகாளி ஓட்டையின் ஓரத்துச் செங்கல்களைத் தடவிப் பார்த்தார். கீழ்வரிசையில் நாலைந்து இடத்தில் பொடிந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது. எல்லாம் உள்பக்கம், எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கீழே. ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருபதடியில் தீப்பெட்டி ஆபீஸின் இடிந்த குடோன் தெரிந்தது. நனைந்த தீப்பெட்டிகளை வெளியே குவித்திருந்தார்கள்.

"கடப்பாரை" என்றாள் செல்வி. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

உச்சிமாகாளி திரும்பிப் பார்த்தார். குட்டைக்கு எதிர்க்கரையில், நகரின் ஆகத் தாழ்ந்த இடத்தில், கட்டட வேலையாட்களின் தகர ஷெட் ஒன்று காலியாக நின்றது. உள்ளே இருந்தவர்களை மணியாச்சிப் பக்கம் வேறொரு வேலைக்கு அனுப்பியாகிவிட்டது என்று சுடலைராஜ் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் மேற்கே புது ஆபீஸுக்குக் கூரைக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. மழை வந்ததும் ஆணும் பெண்ணும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றார்கள்.

உச்சிமாகாளி கரையைச் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். தகரத்தில் வண்டல் படிந்த கோடு அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. கூரைக் கம்பில் ஒரே வரிசையில் மூன்று கயிறுகள் தொங்கின. அறுத்த கயிறுகள். ஒன்றின் நுனியில் சேலைக் கிழிசல் ஒட்டியிருந்தது. செல்வி கையை நீட்டி, தொட்டிலின் அடிப்பாகம் எங்கே வந்திருக்கும் என்று காற்றில் அளந்தாள். வண்டல் கோட்டுக்கும் அவள் கைக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் இருந்தது.

ரெண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். கரிசல் பாதையில் செல்வி ஏழு தடவை இறங்கினாள். ஒரு தடவைகூட எதுவும் சொல்லவில்லை.

*

தன் வண்டியில் அவர்கள் பின்னாலேயே வந்த சுடலைராஜ் மூன்றரைக்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். குழாய், பாறை, குழி, மூட்டை என்று எல்லாவற்றையும் எழுதினார். இசக்கிதுரை அதைப் படித்துவிட்டு, லாக்கப்பைத் திறக்கச் சொன்னார். தவசி வெளியே வந்தார். வேலுத்தாய் வராந்தாவில் எழுந்து நின்றாள்.

குழாயை யாரும் அடைக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் எஸ்.ஐ.

தவசி நகரவில்லை. "இல்லய்யா. நாந்தான் செஞ்சேன்" என்றார்.

எஸ்.ஐ. உச்சிமாகாளியைப் பார்த்தார். உச்சிமாகாளி தவசிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்துலருந்து எல்லாரும் உங்ககிட்ட, நீதானே செஞ்சேன்னு கேட்டாங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். எதைச் செஞ்சீங்கன்னு ஒருத்தரும் கேக்கல." சற்று நிறுத்தினார். "தொட்டில்ல எத்தனை பிள்ளைக?"

தவசி சட்டென்று நிமிர்ந்தார். "மூணு" என்றார்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். முதல் தடவையாக அன்றுதான் முழுசாகப் பேசினார். மழை கொட்டி முக்கால் மணி நேரத்தில் குட்டை நிறைந்து ஷெட்டுக்குள் ஏறியது. பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டு ஓடினார். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் மேற்கே நின்றவர்களுக்கு இவர் கூப்பிட்டது கேட்கவில்லை. குட்டைக்குக் கரை எது, குழி எது என்று தெரியவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. நாலு எட்டு வைத்தார். கரிசல் காலைப் பிடித்துக்கொண்டது. இடுப்பு வரை இறங்கிவிட்டது. எப்படியோ பின்வாங்கிச் சுவரைப் பிடித்தார். சுவரோரம் கடப்பாரை கிடந்தது.

"செவத்த ஒடச்சாத் தண்ணி எறங்கும்னு தெரியும். அந்தப் பக்கம் குடோன். ஞாயித்துக்கெழமதான, ஆளு இருக்காதுன்னு நெனச்சிட்டேன். தண்ணி எறங்குன பொறவு போயி மூணையும் கயித்த அறுத்துத் தூக்குனேன். அவிய அம்மாமாருட்ட குடுத்துட்டுத் திரும்புதேன், அந்தப் பக்கம் கூப்பாடு கேக்கு." உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அந்த அம்மா காலு என் கையாலதான் போச்சு. குழாய்ங்காவ, மூட்டைங்காவ, எனக்கு ஒண்ணும் வெளங்கல. செஞ்சியான்னாவ. செஞ்சேன்னேன்."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வேலுத்தாய் கேட்டாள். சொன்னால் நீ என் பக்கம் பேசியிருப்பாய், அந்த அம்மா பக்கம் பேச ஆள் வேண்டாமா என்றார் தவசி. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எஸ்.ஐ. பேனா மூடியைத் திறந்தார், மூடினார். இதற்கு என்ன பிரிவு போடுவது என்று தனக்குத் தெரியவில்லை என்றார். சட்டப் புத்தகத்தில் தேடினால் ஏதாவது கிடைக்கும் என்றும், கிடைக்காமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். எப்படியிருந்தாலும் வெயிலம்மாள் என்ன சொல்லுகிறாள் என்பதை வைத்துத்தான் முடிவு. தவசி தானும் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். அது விதிப்படி சரியா என்று எஸ்.ஐ. யோசித்தார். யோசித்தபடியே ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

நகர் விவகாரத்தில் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். பொய்ச் சாட்சி ஜோடித்ததற்குச் சுடலைராஜ் மேல் வழக்கு ஆனது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவையும் குடோனையும் ஏற்றுக்கொண்டார், கோர்ட்டு சொன்ன பிறகு. சுக்கான் பாறையை உடைக்க எட்டு நாள் ஆகும் என்றது தவறு. பதினோரு நாள் ஆனது.

*

வெயிலம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். இடது கால் தொடை வரை மாவுக்கட்டு. கட்டிலின் கால்மாட்டில் தவசி நின்றார். உச்சிமாகாளி நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். குழாய் மேலேறிய கதையை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தொட்டில்கள் வந்ததும் கண்ணைத் திறந்தாள்.  செல்வி தண்ணீர்ச் செம்பை அவள் கைக்கெட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தாள். 

வெயிலம்மாள் தலையைத் திருப்பித் தவசியைப் பார்த்தாள்.

"நான் உள்ள இருந்தது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா செவத்த ஒடச்சிருப்பீங்களா?"

எஸ்.ஐ. செருமினார். வேலுத்தாய் புருஷனின் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவசி அதைச் சொல்லவில்லை. 

"ஒடச்சிருப்பேன்மா" என்றார். "முன்னாடி வந்து ஒங்களக் கூப்பிட்டு வெளிய விட்டுட்டு ஒடச்சிருப்பேன். அதுக்கு நேரம் இல்லைன்னாலும் ஒடச்சிருப்பேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். வெயிலம்மாள் போர்வையை இடுப்புக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். எஸ்.ஐ.யிடம், இந்த ஆள் மேல் தனக்குப் புகார் எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். தவசி கைகூப்பினார். அவள் அதைத் தடுத்தாள்.

"கும்பிடாதீங்க. கோவம் இன்னும் போகல. காலு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கு, ஒங்களப் பாத்தா இன்னும் கூடத் தெறிக்கு." மூச்சு விட்டுக்கொண்டாள். "தை மாசம் கட்டுப் பிரிப்பாவ. அன்னைக்கி வீட்டுக்கு வாங்க. ஏசுதேனா, காப்பி குடுக்கேனான்னு அப்பம் பாத்துக்கிடலாம்."

வருகிறேன் என்றார் தவசி. எந்தத் தேதி என்று வேலுத்தாய் கேட்டுவைத்துக்கொண்டாள்.